விமானி ஆவதற்கான பயிற்சிச் செலவைச் சமாளிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி.பி.எல். எனப்படும் வணிக விமானி உரிமம் வாங்கி, சம்பளத்துக்கு விமானம் ஓட்ட நினைப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் பணத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கட்டணம் நாட்டுக்கு நாடு, வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் தொகைகளை விட்டுவிட்டு, செலவு எங்கே உருவாகிறது, எங்கே அதைப் பிடித்து நிறுத்தலாம் என்பதைச் சொல்கிறேன்.

பயிற்சிப் பள்ளி சொல்லும் மொத்தத் தொகையை வைத்துத் திட்டம் போடலாமா?

கூடாது. அந்தத் தொகை பெரும்பாலும் சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பறக்கும் நேரத்தை வைத்துப் போட்டது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் விதிப்படி சி.பி.எல்.லுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் படிப்பாக முடித்தால் 150 போதும். ஐரோப்பிய விதிகள் இதையொட்டியே இருக்கின்றன. அமெரிக்காவில் பொதுவாக 250, அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டம் உள்ள பள்ளியில் 190.

இவை தரை மட்டம்தான். தனியார் விமானி உரிமமான பி.பி.எல்.லுக்கு அமெரிக்காவில் சட்டம் கேட்பது 40 மணி நேரம். நடைமுறையில் 60, 70 ஆவது அங்கே சகஜம். யாரும் மட்டமான மாணவர் என்பதால் அல்ல. வானிலை கெடும், விமானம் பழுதுபார்க்கப் போகும், பயிற்றுநர் வேலை மாறுவார், ஒரு பாடம் மூன்று முறை ஓடும். பள்ளியில் சேரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கடந்த ஒரு வருடத்தில் இங்கே முடித்தவர்களுக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை மாதம் ஆனது?” பதில் எழுத்தில் வந்தால் நல்ல பள்ளி. மழுப்பினால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.

அப்புறம், விலைப்பட்டியலில் எது இல்லை என்று பாருங்கள். தேர்வுக் கட்டணம், தேர்வாளருக்கான கட்டணம், தேர்வு நாளுக்கான விமான வாடகை, தரையிறங்கும் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம், ஹெட்செட், வரைபடங்கள், சீருடை, மருத்துவப் பரிசோதனை, தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து, தோற்றால் மறுதேர்வு. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். பட்டியல் தொகையின் மேல் கால் பங்கைக் கூட்டி, அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவதுதான் என் கணக்கு.

முதல் செலவு எதுவாக இருக்க வேண்டும்?

மருத்துவப் பரிசோதனை. வேறு எதுவும் அல்ல.

சம்பளத்துக்குப் பறக்கப் பெரும்பாலான நாடுகளில் முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். நிறப் பார்வை, காது கேட்கும் திறன், இதயத்தின் ஈ.சி.ஜி., பழைய அறுவை சிகிச்சைகள், மனநலம் எல்லாம் பார்ப்பார்கள். பி.பி.எல்.லுக்கு இரண்டாம் வகுப்பு போதும் என்பதால் சிலர் அதோடு தொடங்கிவிடுகிறார்கள். பாதிப் பணம் போன பிறகு நிறப் பார்வையில் குறை தெரியவந்தால் அந்தக் குடும்பத்தின் நிலை பரிதாபம். முன்பணம் கட்டுவதற்கு முன், கடன் விண்ணப்பத்துக்கு முன், முதல் வகுப்புச் சான்றைக் கையில் வாங்குங்கள். எந்த நாட்டில் வேலை பார்க்க நினைக்கிறீர்களோ அந்த நாட்டு ஆணையத்தின் சான்றாக அது இருக்க வேண்டும்.

பணம் எதில்தான் இவ்வளவு போகிறது?

இன்ஜின் ஓடும் நேரத்தில். பயிற்சிக்கு அதிகம் பயன்படும் செஸ்னா 172 ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 30 முதல் 35 லிட்டர் எரிபொருள் குடிக்கும். அதைவிடச் சிறிய இரட்டை இருக்கை செஸ்னா 152 இருபத்து சொச்சம் லிட்டரில் முடித்துவிடும். இந்த வகை விமானங்களில் இருக்கும் லைகாமிங் இன்ஜின்களைப் பெரும்பாலும் 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. அந்தப் பெரிய செலவை உங்கள் ஒவ்வொரு மணி நேரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளி வசூலிக்கிறது. அதோடு காப்பீடு, நிறுத்துமிடம், பயிற்றுநரின் கூலி.

இதில் ஒரு நுணுக்கத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பல பள்ளிகளில் கட்டணம் ஹாப்ஸ் மீட்டரைப் பார்த்துப் போடப்படுகிறது. காக்பிட்டில் இருக்கும் இந்தச் சின்ன மீட்டர், பொதுவாக இன்ஜின் உயிர் பெற்ற நொடியிலிருந்து அணையும் வரை ஓடும். ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்துக் காட்டுவதால், ஆறு நிமிடத்துக்கு ஓர் எண் நகரும். இன்ஜினை ஓடவிட்டுவிட்டு, செக்லிஸ்ட்டைத் தேடி, ரேடியோ அலைவரிசையைப் புரட்டி, ஓடுபாதைக்கு எந்த வழியாகப் போவது என்று பயிற்றுநரிடம் கேட்டு முடிப்பதற்குள் இரண்டு எண் நகர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் இப்படி 12 நிமிடம் போனால், நூறு பறத்தலில் 20 மணி நேரம். ஓடுபாதைக்கு நகர்ந்துபோகும் நேரம் விமானியின் குறிப்பேடான லாக்புக்கில் பறக்கும் நேரமாக ஏறும் என்பது உண்மைதான். ஆனால் நின்ற இடத்தில் இன்ஜின் ஓடிய நேரம் அதில்கூட ஏறாது. பணம் மட்டும் போகும். இன்ஜினைத் தொடுவதற்கு முன் முடிக்கக்கூடிய வேலையை எல்லாம் முடித்துவிடுங்கள்.

சில பள்ளிகள் டாக் மீட்டரை வைத்துக் கணக்கிடும். அது இன்ஜின் சுழற்சி வேகத்தைப் பொறுத்து ஓடுவதால், தரையில் மெதுவாகத்தான் நகரும். இரண்டு பள்ளிகளின் மணிக் கட்டணத்தை ஒப்பிடும்போது எந்த மீட்டர், எரிபொருள் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்காமல் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

மணி நேரம் கூடாமல் இருக்க மாணவர் என்ன செய்ய முடியும்?

நிறையவே செய்ய முடியும். பள்ளி தரும் எந்தத் தள்ளுபடியையும் விட இதில்தான் பணம் மிஞ்சும்.

முதலாவது, தொடர்ச்சி. வாரத்துக்கு மூன்று நான்கு முறை பறப்பவர் போன பாடத்தை மறப்பதற்குள் அடுத்த பாடத்துக்கு வந்துவிடுகிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பறப்பவர் ஒவ்வொரு முறையும் பாதி நேரத்தைப் பழைய பாடத்தை நினைவுக்குக் கொண்டுவரச் செலவிடுகிறார். ஆகவே பாதிப் பணத்தோடு உடனே தொடங்குவதைவிட, ஆறு மாதம் காத்திருந்து பணத்தைச் சேர்த்துக்கொண்டு இடைவெளி இல்லாமல் பறப்பது கடைசியில் மலிவு.

இரண்டாவது, எழுத்துத் தேர்வுகளை முன்பே முடிப்பது. ஐரோப்பிய முறையில் விமான நிறுவன விமானிக்கான ஏ.டி.பி.எல். பாடங்கள் 13. ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் வாங்க வேண்டும். ஒரு பாடத்தை அதிகபட்சம் நான்கு முறை எழுதலாம். முதல் தேர்வு எழுதியதிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். பறந்துகொண்டே இதைப் படிப்பவர்கள் இரண்டிலும் தடுமாறுவதை நிறையப் பார்க்கலாம்.

மூன்றாவது, நாற்காலியில் பறப்பது. காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே உட்கார்ந்து, நாளைய பாடத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையை அசைத்துப் பழகுவது. த்ரோட்டில், பிளாப், வேகம், ரேடியோவில் சொல்ல வேண்டிய வாக்கியம் எல்லாம் வரிசையாக. விமானத்தில் ஏறும்போது கை தானாகப் போகும். இதற்குக் காசு இல்லை, செய்பவர்களும் குறைவு. செய்கிறவர்களின் லாக்புக்கில் வித்தியாசம் தெரியும்.

முழுநேரப் படிப்பா, துண்டு துண்டாகப் படிப்பதா? எது சிக்கனம்?

முழுநேர ஒருங்கிணைந்த படிப்பில் ஒரே பள்ளி, ஒரே ஒப்பந்தம், ஒன்றரை இரண்டு வருடம். சட்டம் கேட்கும் மணி நேரம் குறைவாக இருந்தும் மொத்தச் செலவு பெரும்பாலும் அதிகம். துண்டு துண்டாகப் படிக்கும் மாடுலர் முறையில் பி.பி.எல்., பறக்கும் நேரம் சேர்ப்பது, ஏ.டி.பி.எல். தேர்வுகள், கருவி பார்த்துப் பறக்கும் கூடுதல் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், சி.பி.எல். என்று ஒவ்வொன்றாக வாங்கலாம். ஒவ்வொன்றுக்கும் மலிவான இடத்தைத் தேடலாம். நடுவில் நின்று சம்பாதித்துவிட்டுத் தொடரலாம்.

பணம் கையில் தயாராக இல்லாத பெரும்பாலானவர்களுக்கு மாடுலர்தான் சரி என்பது என் கருத்து. உரிமம் ஒன்றேதான். ஆனால் நீங்கள் குறிவைக்கும் விமான நிறுவனம் ஒரே பள்ளியில் படித்தவர்களைத்தான் எடுக்கிறதா என்பதை அதன் வேலை அறிவிப்புகளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மொத்தக் கட்டணத்தையும் முன்பே கட்டினால் தள்ளுபடி தருகிறார்களே?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: பறந்த நேரத்துக்கு மேல் பள்ளியிடம் உங்கள் பணம் பெரிதாக இருக்கவே கூடாது.

விமானப் பயிற்சிப் பள்ளிகள் மூழ்கும் தொழில்தான். அமெரிக்காவின் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் 2008 பிப்ரவரியில் திடீரென்று மூடப்பட்டபோது, கடன் வாங்கி முழுக் கட்டணத்தையும் செலுத்தியிருந்த மாணவர்கள் உரிமமும் இல்லாமல் கடனோடு நின்றார்கள். பல ஆண்டுகள் நல்ல பெயரோடு நடந்த பழைய பள்ளிகளும் விதிவிலக்கல்ல. ஸ்காட்லாந்தின் டண்டீயில் இருந்த டேசைட் ஏவியேஷன் 2023இல் மூடப்பட்டது. பள்ளி திவாலானால் ஊழியர்களுக்கும் வங்கிகளுக்கும் பிறகு, கடைசி வரிசையில்தான் மாணவர் நிற்பார்.

அதனால் பத்து மணி நேரம், இருபது மணி நேரம் என்று சிறிய தவணைகளாகக் கட்டுங்கள். பள்ளி கட்டாயம் கேட்டால், மாணவர் பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா, விலகினால் எத்தனை நாளில் என்ன விகிதத்தில் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பத்து சதவீதத் தள்ளுபடிக்காக நூறு சதவீதத்தையும் பணயம் வைப்பது நல்ல வியாபாரம் ஆகாது.

கடன் வாங்கியாவது படிக்கலாமா?

வாங்கலாம், கணக்குப் பார்த்து. பயிற்சிக் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்ற சலுகை இருந்தால், அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஓடும். ஒரு கணக்கு: கடன் 100, வட்டி வருடத்துக்கு 12 சதவீதம், மாதாமாதம் அசலில் சேர்கிறது, இரண்டு வருடம் எதுவும் கட்டவில்லை. பயிற்சி முடியும் நாளில் கடன் ஏறத்தாழ 127. அதைப் பத்து வருடத்தில் அடைத்தால் மொத்தம் ஏறத்தாழ 219 கட்டியிருப்பீர்கள்.

இதே கடனை ஒரே நாளில் வாங்காமல், இரண்டு வருடத்துக்கும் மாதாமாதம் தேவைப்பட்ட அளவு மட்டும் எடுத்தால் பயிற்சி முடிவில் 112தான் இருக்கும். பத்து வருடத்தில் கட்டுவது 193. வட்டி விகிதம் மாறவில்லை. பணம் எடுத்த வேகம்தான் மாறியது. தவணைகளில் கடன் வாங்குவது பள்ளி மூழ்கும் ஆபத்திலிருந்தும் காக்கிறது.

பயிற்சி முடித்த உடனே முதல் சம்பளம் வரும் என்று வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2001, 2008, 2020 ஆகிய மூன்று முறையும் விமானத் தொழில் அடி வாங்கி, பணியமர்த்தல் சட்டென்று வற்றியது. நீங்கள் முடிக்கும் மாதம் எந்தப் பக்கம் விழும் என்பது உங்கள் கையில் இல்லை. உரிமம் வாங்கிய பிறகு ஒரு வருடம் வேறு வேலை பார்த்துத் தவணை கட்ட முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். முடியாது என்றால் கடன் தொகையைக் குறையுங்கள்.

வெளிநாட்டில் மணிக் கட்டணம் குறைவாக இருக்கிறதே, அங்கே போகலாமா?

பல நேரங்களில் லாபம்தான். வானம் தெளிவாக இருக்கும் நாட்கள் அதிகம் உள்ள இடத்தில் பயிற்சி சீக்கிரம் முடியும். சீக்கிரம் முடிவதே ஒரு சேமிப்பு. ஆனால் மணிக் கட்டணத்தோடு விசா, பயணம், வாடகை, நாணய மாற்று விகிதம் இவற்றைச் சேருங்கள். பெரிய செலவு கடைசியில் வரும்: உரிமத்தை உங்கள் நாட்டுக்கு மாற்றுவது. அமெரிக்க சி.பி.எல்.லோடு ஐரோப்பிய உரிமம் கேட்டால் எழுத்துத் தேர்வுகளைத் திரும்ப எழுதி, மருத்துவச் சான்று வாங்கி, பறந்து காட்டவும் வேண்டும். மாற்றும் செலவையும் அதற்கு ஆகும் மாதங்களையும் சேர்த்த பிறகும் மிச்சம் இருந்தால் போங்கள்.

பறக்கும் நேரத்தை மலிவாகச் சேர்க்க வழி உண்டா?

சிறிய விமானம் எடுங்கள். பி.பி.எல்.லுக்குப் பிறகு நேரம் சேர்க்கும் கட்டத்தில் நான்கு இருக்கையும் காக்பிட்டில் மின்னணுத் திரைகளும் தேவையில்லை. பறக்கும் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் வாடகை பெரும்பாலும் குறையும். கையில் திறமை வளர இன்ஜின் இல்லாத கிளைடர் நல்ல வழி; பல நாடுகளில் 14 வயதிலேயே அதில் தனியாகப் பறக்கலாம்.

அமெரிக்காவில் ஒரு வசதி உண்டு. ஒருவர் வெளியே தெரியாதபடி கண்ணை மறைத்துக் கருவி பார்த்துப் பறக்க, பக்கத்தில் இருப்பவர் சேஃப்டி பைலட்டாக வெளியே பார்க்கும்போது, உரிய தகுதி இருந்தால் இருவரும் அந்த நேரத்தை விமானப் பொறுப்பாளர் நேரமாக எழுதிக்கொள்ளலாம். வாடகை பாதியாகும். ஆனால் எல்லா நாட்டு ஆணையங்களும் இதை ஏற்பதில்லை. உரிமத்தை மாற்றும்போது பாதி நேரம் செல்லாமல் போனால் அந்தச் சேமிப்பு சேமிப்பே அல்ல.

சிமுலேட்டரில் எவ்வளவு ஈடுகட்டலாம்?

இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கில் நல்ல பங்கு. அமெரிக்க விதியில் தேவையான 40 மணி நேரக் கருவிப் பயிற்சியில் 20 மணி வரை அங்கீகரிக்கப்பட்ட மேம்பட்ட பயிற்சிக் கருவியில் செய்யலாம். கட்டணம் குறைவு என்பது ஒருபுறம். நடுவானில் நிறுத்தி, பத்து மைல் பின்னால் கொண்டுபோய், அதே தரையிறங்கும் முறையைத் திரும்பச் செய்ய முடிவது விமானத்தில் நடக்காது. வீட்டுக் கணினியில் பழகும் நேரம் லாக்புக்கில் ஏறாது. ரேடியோ வழிமுறைக்கும் வழிசெலுத்தலுக்கும் உதவும். தரையிறக்கத்தை மட்டும் அதில் பழகாதீர்கள், கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

உதவித்தொகை, விமான நிறுவனமே படிக்கவைக்கும் திட்டம் இவை எப்படி?

விண்ணப்பியுங்கள், தயங்காமல். பெண் விமானிகளின் சர்வதேச அமைப்பான ‘நைன்ட்டி நைன்ஸ்’ 1929இல் தொடங்கியது. அமீலியா இயர்ஹார்ட் அதன் முதல் தலைவர். அவர் பெயரில் அது தரும் உதவித்தொகை அடுத்தடுத்த உரிமங்களுக்கும் ரேட்டிங்குகளுக்கும் கிடைக்கிறது. ‘விமன் இன் ஏவியேஷன் இன்டர்நேஷனல்’ அமைப்பும் அமெரிக்க விமானிகள் சங்கமான ஏ.ஓ.பி.ஏ.வும் ஆண்டுதோறும் தருகின்றன. முழுச் செலவையும் ஏற்பவை அரிது. ஆனால் ஒரு ரேட்டிங்குக்கான பணம் கிடைத்தாலே கடன் அந்த அளவு குறைகிறதே!

விமான நிறுவனம் படிக்கவைக்கும் கேடட் திட்டங்களில் மூன்று விதம் உண்டு: நிறுவனம் முழுச் செலவையும் ஏற்பது, செலவு செய்து பிறகு சம்பளத்தில் பிடிப்பது, பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் பணத்தை உங்களிடமே வாங்குவது. மூன்றாவதுக்கும் விளம்பரம் ஒரே மாதிரிதான் இருக்கும். ‘நிபந்தனையுடன் கூடிய வேலை வாய்ப்பு’ என்ற வரி வந்தால் அந்த நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். நிறுவனம் ஆள் எடுப்பதை நிறுத்தினால் பணம் யார் தலையில் விழும் என்று கேளுங்கள்.

எம்.பி.எல். எனப்படும் பலவிமானி உரிமத்தை ஐ.சி.ஏ.ஓ. 2006இல் கொண்டுவந்தது. 240 மணி நேரத்தில் பெரும்பகுதி சிமுலேட்டர். ஒரு விமான நிறுவனத்துக்காகவே அளவெடுத்த பயிற்சி அது. அந்த நிறுவனம் உறுதியாக எடுத்துக்கொள்ளும்போது நல்லது. பாதியில் கைவிட்டால் அந்த உரிமத்தோடு வேறு கதவைத் தட்டுவது கடினம்.

சி.பி.எல். வாங்கியதும் செலவு முடிந்துவிடுமா?

முடியாது. பலருடைய திட்டம் உடைவது இங்கேதான். ஐரோப்பிய முறையில், முதல் பெரிய விமானத்துக்குப் போகும் முன் இரண்டு விமானிகள் சேர்ந்து இயங்கும் எம்.சி.சி. பயிற்சி வேண்டும், விமானம் நிலைகுலைந்தால் மீட்கும் மேம்பட்ட பயிற்சி 2019 டிசம்பரிலிருந்து கட்டாயம். அமெரிக்காவில் விமான நிறுவனத்தில் துணை விமானியாக உட்காரவே 2013 முதல் பொதுவாக 1,500 மணி நேரம் தேவை. விமானப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு 1,000. அங்கே பலர் பயிற்றுநராக வேலை பார்த்து அந்த நேரத்தைச் சேர்க்கிறார்கள். பயிற்றுநர் உரிமத்துக்குச் செலவழிப்பது, சம்பளமும் நேரமும் சேர்ந்து திரும்பி வரும் செலவு. அதைத் தயங்காமல் சொல்வேன்.

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் தனி. வேலைக் கடிதம் கையில் இல்லாமல் சொந்தப் பணத்தில் அதை வாங்காதீர்கள். ஒரு வருடத்தில் காலாவதியாகும் நாடுகள் உண்டு, அதைப் புதுப்பிக்கவும் பணம் வேண்டும். நிறுவனமே செலவழித்து, இத்தனை வருடம் வேலை பார்ப்பேன் என்று எழுதி வாங்கினால் அது பெரும்பாலும் நியாயமான பேரம். நடுவில் விலகினால் கட்ட வேண்டிய தொகை மாதாமாதம் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நடுவில் பணம் தீர்ந்துபோனால்?

உரிமத்தின் வாசலில் நில்லுங்கள், பாதி வழியில் நிற்காதீர்கள். பி.பி.எல். முடித்துவிட்டு ஒரு வருடம் நின்றால் கையில் ஓர் உரிமம் இருக்கும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கின் பாதியில் நின்றால் திரும்ப வரும்போது பழைய மணி நேரத்தில் பாதியை மறுபடி வாங்க வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் தொடங்கும் முன், அந்தக் கட்டத்தின் முழுப் பணமும் கால் பங்கு கூடுதலும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துத் தேர்வு முடிவுகளுக்கும் ஆயுள் உண்டு, ஐரோப்பாவில் ஏ.டி.பி.எல். தேர்வுகளை முடித்தபின் 36 மாதத்துக்குள் சி.பி.எல்.லும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் வாங்க வேண்டும்.

பிள்ளைக்காக வீட்டை அடமானம் வைக்கலாமா?

இதைக் கேட்கும் பெற்றோர்கள் மனதில் ஏற்கெனவே முடிவு எடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். முடிவு அதுவே என்றால், அதற்கு முன் மூன்று வேலை செய்யுங்கள். முதல் வகுப்பு மருத்துவச் சான்று வரட்டும். பிள்ளை தன் சம்பாத்தியத்திலோ சிறு சேமிப்பிலோ ஐந்தாறு மணி நேரம் பறந்து பார்க்கட்டும். வாந்தி, பயம், சலிப்பு எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். எழுத்துப் பாடங்களில் இரண்டையாவது தானாகப் படித்துத் தேறட்டும். இவை முடிந்த பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால், வீட்டின் முழு மதிப்புக்கும் கடன் எடுக்காமல் பி.பி.எல்.லுக்கு மட்டும் எடுங்கள். அடுத்த கட்டத்துக்கான கடனுக்குப் பிள்ளையும் கூட உட்கார்ந்து, அதே வங்கி மேசையில், தன் பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போடட்டும்.